படத்தில் பெய்த மழை

"பெருநாளைக்குத்தான் வரல. பிள்ளை பிறந்தநாளைக்கும் வர முடியாதுன்னா, இனிமே போன் பண்ணாதீங்க மச்சான்."

ஆஷிகா அப்படிச் சொல்லிப் போனை வைத்து ஆறு நாள் ஆகியிருந்தது. கோபத்தில் சொன்ன வார்த்தை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு மனிதன் ஆறு நாள் பேசாமல் இருப்பான் என்று அவள் நினைக்கவில்லை. ஷார்ஜாவுக்குப் போய் இரண்டரை வருடம் ஆகிறது. முஃபீத் இத்தனை நாள் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

ஏழாம் நாள் விடிந்தது. தென்காசியில் ஜூலை மாதச் சாரல் ஜன்னல் கம்பிகளை நனைத்துக்கொண்டிருந்தது. ஹம்னாவுக்கு அன்று எட்டு வயது.

"உம்மா! வாப்பா போட்டோ அனுப்பியிருக்காவ!"

ஹம்னா போனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடி வந்தாள். ஒரு பேக்கரிக் கண்ணாடி அலமாரியின் முன்னால் முஃபீத் நின்றிருந்தான். கையில் ஒரு தாள். அதில் 'ஹம்னாவுக்கு எட்டு' என்று பெரிதாக எழுதி, ஓரமெல்லாம் பூ வரைந்திருந்தான். கீழே செய்தி:

'இங்க வெயில் கொளுத்துது. அங்க சாரல் விழுதுன்னு நியூஸ்ல பார்த்தேன். எனக்கும் சேர்த்து நனைஞ்சுக்கோ செல்லம்.'

ஆஷிகா படத்தை ஒரு தடவைதான் பார்த்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தான். அதற்கு மேல் பார்த்தால் அழுகை வரும், அடுப்பில் பால் பொங்கும் என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"சாயங்காலம் கிளாஸுல எல்லாருக்கும் காட்டப் போறேன்" என்றாள் ஹம்னா.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் பீர் மைதீன் தலையைத் தூக்கினார்.

"எதை?"

"வாப்பா போட்டோவை."

அவர் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீளமாகப் பார்த்தார்.

"நாலு பேருக்குக் காட்டாண்டாம். கண்ணு பட்டுரும்."

"போங்க, நான் காட்டுவேன்" என்று ஹம்னா போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

பீர் மைதீன் திரும்பப் பேப்பரை விரித்தார். அதற்குப் பிறகு ஒரு பக்கமும் புரட்டவில்லை. ஆஷிகா அதைக் கவனித்தாள். வயசாகிவிட்டது, மகன் நினைப்பு என்று எண்ணிக்கொண்டாள்.

*

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு சமுதாயக்கூடம். சாயங்காலம் ஐந்து முதல் ஆறரை வரை அங்கே பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ஆஷிகா பாடம் சொல்லிக் கொடுத்தாள். எல்லாம் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். சீசன் கடை போடுகிறவர்கள், பழம் விற்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

அந்த வேலைக்கு அவள் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஊருக்குச் சேவை செய்ய வந்தேன் என்று அவள் சொல்லிக்கொள்ள மாட்டாள். வீட்டில் அந்த ஐந்து மணி வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல்தான் வந்தாள்.

இன்றைக்குப் பலவேசத்தின் முறை. அவன் எழுந்து நின்று மூச்சு விடாமல் வாசித்தான். முற்றுப்புள்ளி, காற்புள்ளி எதுவும் அவனுக்குக் குறுக்கே நிற்கவில்லை. பக்கத்தை முடித்துவிட்டுப் பெருமையாகப் பார்த்தான்.

"என்ன படிச்ச பலவேசம்?"

"ஆறாம் பக்கம் டீச்சர்."

"ஆறாம் பக்கத்துல என்ன நடந்துச்சு?"

"தெரியல டீச்சர். நான் படிச்சுக்கிட்டுல்லா இருந்தேன்!"

ஆஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது. முதல் மாதம் இதே பதிலுக்கு அழுகை வந்திருந்தது. அப்போது எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான். வாய் வாசிக்கும், மனசு அருவிக்கரையில் நிற்கும். கேள்வி கேட்டால், கேள்வியில் இருக்கிற சொல் எந்த வரியில் வருகிறது என்று தேடி அந்த வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள்.

அதற்குப் பிறகுதான் இந்தப் படக்கதைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். ஒரே ஒரு பிரதி. பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி எழுத்து, மீதியெல்லாம் படம். பேச்சி என்ற சிறுமியும் அவள் வளர்க்கும் ஆடும்தான் கதை. எழுத்தை ஒரு தாளால் மூடிவிடுவாள். முதலில் படத்தைப் பார்க்க வேண்டும். என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னதும் மற்றப் பிள்ளைகள் கேட்பார்கள், "எப்படித் தெரியும்?" உடனே எழுந்து போய்ப் படத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் தாளை எடுத்து எழுத்தை வாசிப்பது.

ஏழாம் பக்கத்தைத் திறந்தாள். கொடியில் காய்ந்த சேலையின் முந்தானையை ஆடு பாதிக்கு மேல் தின்றிருந்தது. பேச்சி ஆட்டின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அம்மா கையில் கம்போடு வாசலில் வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொருவராக எழுந்து வந்து விரல் வைத்தார்கள். பிறகு ஆஷிகா தாளை எடுத்தாள்.

"ஆடு ஒன்றுமே செய்யவில்லை என்றாள் பேச்சி" என்று எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள்.

"டீச்சர், புத்தகம் பொய் சொல்லுது!" என்றாள் உமாராணி.

"அச்சடிச்சது எப்படிட்டீ பொய்யாவும்?" என்றான் பலவேசம்.

"இன்னொரு தடவை வாசிங்க. யாரு சொன்னது?"

"பேச்சி!"

"பேச்சி ஏன் அப்படிச் சொல்லுதா?"

கடைசி வரிசையிலிருந்து வள்ளித்தாய் மெதுவாகக் கையைத் தூக்கினாள். எழுத்துக் கூட்டி வாசிக்கவே இன்னும் திணறுகிற பிள்ளை. வகுப்பில் அதிகம் பேசமாட்டாள்.

"அம்மா கையில கம்பு இருக்கு டீச்சர். நெசத்தைச் சொன்னா ஆட்டை வித்துருவாவ. அவளுக்கு ஆடு வேணும்."

புத்தகத்தில் எங்கேயும் எழுதாத ஒன்றை ஒரு குழந்தை வாசித்துவிட்டது. ஏழு மாத உழைப்புக்கு இந்த ஒரு பதில் போதும்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? சண்டைக்கு முன்னால் என்றால் ராத்திரி போனில் முஃபீதிடம் சொல்லியிருப்பாள். அவனும், "அந்தப் பிள்ளைக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் குடு" என்றிருப்பான். இப்போது அதுவும் இல்லை. மாமனாரிடம் சொன்னால் "நல்லதும்மா" என்பார். அவ்வளவுதான்.

*

பிறந்தநாள் மிட்டாய் கொடுத்து முடித்ததும் ஹம்னா போனை எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றாள். உம்மாவைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இது எங்க வாப்பா. எழுத்து கீழே இருக்கு, அதை நான் மூடிக்கிடுதேன். படத்துல என்ன நடக்குது? சொல்லுங்க."

பிள்ளைகள் அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். ஆஷிகா சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"மாமா சிரிக்காவ."

"எப்படித் தெரியும்?"

"பல்லு தெரியுதுல்லா!"

"கேக் கடை. கண்ணாடிக்குள்ள கேக்கும் பப்ஸும் இருக்கு."

"மழை பெய்யுது" என்றாள் உமாராணி.

"மழையா? எப்படித் தெரியும்?"

"பின்னால ரோடு மினுங்குது பாரு. ஒருத்தர் குடை பிடிச்சுட்டுப் போறாரு."

"ஏட்டி, அது ஷார்ஜா. அங்கன வெயிலு." ஹம்னா விரலை எடுத்துச் செய்தியைக் காட்டினாள். "வாப்பாவே எழுதியிருக்காவ."

"எழுத்து என்ன வேணாலும் சொல்லட்டும். படத்துல மழைதான் பெய்யுது" என்றான் பலவேசம்.

பாய் சுருட்டிய கை நின்றது.

வள்ளித்தாய் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த பஸ்ஸு எனக்குத் தெரியும். செவப்பும் மஞ்சளும். எங்கப்பா பலாப்பழ லோடு ஏத்திட்டுப் போனப்ப நானும் வண்டில போனேன். செங்கோட்டை தாண்டி மலை இறங்கினா இந்த பஸ்ஸுதான் போவும் வரும். ஜிலேபி மாதிரி எழுத்து போட்டிருக்கும்."

"எங்க வாப்பா ஷார்ஜாவுலதான் இருக்காவ!" என்று கத்தினாள் ஹம்னா.

ஆஷிகா பிள்ளைகளை விலக்கிக்கொண்டு வந்து போனை வாங்கினாள். முஃபீதின் தோளுக்குப் பின்னால், கடையின் திறந்த வாசல் வழியே, பாதிப் பேருந்து தெரிந்தது. நெற்றிப் பலகையில் மலையாள எழுத்து. அவளுக்குப் பிறந்த ஊர் செங்கோட்டை. சின்ன வயதில் பேருந்துப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே அந்த எழுத்துகளில் கொஞ்சம் பழகியிருந்தாள். இப்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல ஒவ்வொன்றாகக் கூட்டினாள்.

பு. ன. லூ. ர்.

தென்காசியில் பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரம்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க. மீதிப் பக்கத்தை நாளைக்குப் பார்ப்போம்."

பிள்ளைகள் கலைந்தார்கள். வள்ளித்தாய் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லம்மா" என்றாள் ஆஷிகா. "நீ சரியாத்தான் சொன்ன."

*

ஹம்னாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு ஆஷிகா வாசலுக்கு வந்தாள். சாலையில் ஈரத் துண்டு போர்த்திய குடும்பங்கள் சத்தம் போட்டுச் சிரித்தபடி அருவியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் தன் மனைவியின் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே நடந்தார்.

போன் போட்டாள். மூன்றாவது மணி அடித்ததும் முஃபீத் எடுத்தான்.

"ஆஷி! கோபம் போயிட்டா? பிள்ளை எங்க?"

"அங்கன மழை நின்னுட்டா மச்சான்?"

மறுபக்கம் தூரத்தில் ஒரு பேருந்தின் ஹாரன் கேட்டது.

"என்ன மழை?"

"புனலூர் மழை."

"யாரு சொன்னா?"

"என் கிளாஸுப் பிள்ளைங்க சொல்லுச்சு. நீங்க அனுப்பின படத்தைப் பார்த்து. எத்தனை நாளா?"

"நவம்பர்லயே வந்துட்டேன். கம்பெனில ஆளைக் குறைச்சுட்டாங்க. பத்து நாளுல வேற விசா கிடைச்சுரும், அப்படியே திரும்பிப் போயிரலாம்னு நெனைச்சேன். உனக்குச் சொல்ல வேண்டியே வராதுன்னு நெனைச்சேன் ஆஷி. பத்து நாளு ஒரு மாசமாச்சு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்லுததுன்னு தெரியல. கூட வேலை பார்த்த ஒருத்தன் இந்த பேக்கரில சேர்த்து விட்டான்."

"எட்டு மாசம்."

"ஆமா."

"எட்டு மாசமா 'இங்கன வெயிலு, இங்கன வெயிலு'ன்னு..."

"ஊர்ல என் முகத்தை எப்படிக் காட்டுவேன்? வாப்பா ஒவ்வொரு ஆளா பார்த்துல்லா விசாவுக்கு அலைஞ்சாவ. பார்க்காம இருக்கவும் முடியல. மார்ச்சுல ஒரு நாள் தென்காசிக்கு வந்தேன்."

"எங்க?"

"பஸ்ஸ்டாண்டு வரைக்கும். நீயும் பிள்ளையும் குற்றால பஸ்ஸுக்கு நின்னீங்க. அவ ரெட்டைச் சடை போட்டிருந்தா. பத்தடி தூரம்தான். நீங்க ஏறுத வரைக்கும் பார்த்துட்டுத் திரும்பிட்டேன்."

அவன் வேலை போனதை அவளால் மன்னிக்க முடியும். பொய் சொன்னதைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவாள். பத்தடி தூரத்தில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். அன்றைக்கு அவள் எவ்வளவு தனியாக அந்தப் பேருந்தில் ஏறினாள் என்று அவளுக்குத் தெரியும். எல்லா நாளும் அப்படித்தான் ஏறினாள்.

"பார்த்துட்டுப் போயிட்டீங்க" என்றாள். அது கேள்வியாக வரவில்லை.

"ஆஷி, நாளைக்கே வருதேன். முதல் பஸ்ஸுல..."

"வராதீங்க. நான் சொல்லுத வரைக்கும் வராதீங்க." பிறகு கேட்டாள், "இது வேற யாருக்குத் தெரியும்?"

"வாப்பாக்குத் தெரியும்" என்றான்.

*

வீட்டுக்கு வரும்போது பீர் மைதீன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மகன் போன் செய்து சொல்லியிருக்கிறான்.

"உள்ள வாம்மா. நனைஞ்சுட்ட."

ஹம்னா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அறைக்குள் போனாள். பேருந்தில் வரும்போதும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எப்ப இருந்து மாமா?"

"டிசம்பர்ல சொன்னான். உனக்குச் சொல்லக் கூடாதுன்னு அழுதான். பெத்த பிள்ளை அழும்போது நான் என்ன செய்ய?"

"நான் அழுததும் உங்களுக்குக் கேட்டிருக்கும்லா. அடுத்த ரூம்தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்கு அவங்க இருந்தாவ. அவங்களுக்கு நீங்க இருந்தீங்க" என்றாள் ஆஷிகா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் பிள்ளைக்குக் கேட்கும். "இந்த வீட்டுல நான் மட்டும்தான் மாமா யாருமில்லாம இருந்திருக்கேன்."

பதிலுக்குக் காத்திராமல் அறைக்குள் போனாள். ஹம்னா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆஷிகா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறு யாரும் இதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடக் கூடாது.

"ஹம்னா. வாப்பா ஷார்ஜாவுல இல்ல. புனலூர்ல இருக்காவ. வேலை போயிட்டுன்னு சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு அங்கன இருக்காவ."

ஹம்னா மெதுவாகத் திரும்பினாள்.

"புனலூர்னா வள்ளித்தாய் லாரில போனாளே, அங்கனயா?"

"ஆமா."

"பிளைட்டுல போவாண்டாமா?"

"பஸ்ஸுலயே போலாம்."

பிள்ளை அழப்போகிறாள் என்று ஆஷிகா கைகளை நீட்டினாள். ஹம்னா கட்டிலிலிருந்து குதித்து இறங்கினாள். பீரோவைத் திறந்து பிறந்தநாள் பிராக்கை எடுத்தாள். தலையில் மாட்டி இழுத்தபடியே துணிக்குள்ளிருந்து பேசினாள்.

"அப்ப இப்பவே போலாம் உம்மா! கேக் வெட்டாம வெச்சுக்கிடுவோம். வாப்பா வந்து வெட்டட்டும். பக்கத்துலதான் இருக்காவன்னா ஏன் உம்மா முதல்லயே போகல?"

அவளுக்கு அது பிறந்தநாள் பரிசு. கடலுக்கு அப்பால் இருந்த வாப்பா திடீரென்று பக்கத்து ஊருக்கு வந்துவிட்டார். அவ்வளவுதான் அவளுக்குக் கணக்கு. அந்தச் சந்தோஷத்துக்குள் ஆஷிகாவால் நுழைய முடியவில்லை. அதைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. முதுகுப் பக்கத்துப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

"இன்னைக்கு பஸ் இல்ல. காலைல போவோம்."

"நெசமாவா?"

"நெசமா."

சொன்ன பிறகுதான் தான் முடிவு எடுத்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. அவனை வரச் சொல்லி வாசலில் நின்று வரவேற்க முடியாது. போய்ப் பார்க்கலாம். பார்த்தபின் அழைத்து வருவதா, விட்டுவிட்டு வருவதா என்பது அப்புறம்.

வெளியே வந்து மாமனாரிடம் சொன்னாள். அவர் ராத்திரி இஷாத் தொழுகைக்குக் கிளம்பித் தொப்பியை மடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது.

"ஆறரை பஸ்ஸைப் பிடிச்சுரு. அதை விட்டா எட்டரைக்குத்தான். இடது பக்கம் உட்காரு, வளைவுல பிள்ளைக்கு வாந்தி வராது. புனலூர் ஸ்டாண்டுக்கு முந்தின ஸ்டாப்புலயே இறங்கிரணும். ஆஸ்பத்திரி ரோட்டுல மூணாவது கடை, மேலதான் தங்கியிருக்கான். மாடிப்படி பின்பக்கம் இருக்கு, மழையில வழுக்கும், பார்த்து ஏறணும்."

எத்தனை தடவை ஏறி இறங்கிய படிகள்! தன் புருஷன் இருக்கும் இடத்துக்கு வழியை இன்னொருவர் இவ்வளவு சரளமாகச் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அவங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றாள், பேச்சை முடிக்கிற எண்ணத்தில். "போட்டோவுல மெலிஞ்சு தெரிஞ்சாவ."

பீர் மைதீன் மடித்த தொப்பியைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"வேலை போனதை மட்டுமா சொன்னான்?"

"ஆமா. வேற என்ன?"

"உடம்பைப் பத்தி அவனே சொல்லட்டும். நேர்ல போறல்ல... பாரு."

"மாமா, வேற என்னன்னு கேட்கேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். சாரல் வலுத்திருந்தது. குடை கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது. தினமும், "மாமா, குடை!" என்று அவர் பின்னாலேயே ஓடுகிறவள் ஆஷிகா.

இன்று அவள் கூப்பிடவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை நனைந்துகொண்டே போவதைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே ஹம்னா புதுப் பிராக்கோடு, நாளைக்கு வாப்பாவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.